ஆள் இல்லாத பண்ணையில்

அடுத்தவர் பண்ணையைப் பார்த்துக்கொண்டபோது நடந்ததை ஆளுக்கொன்றாகச் சொல்வோம். முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

தெரிந்த அண்ணன் ஒருவர் குடும்பத்தோடு பத்து நாள் வெளியூர் போனார். நான்கு மாடு, இருபது வெள்ளாடு, கொஞ்சம் கோழி, ஒரு நாய். எல்லாம் என் பொறுப்பு. ஒரு நோட்டில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். எதற்கு எவ்வளவு தீவனம், எத்தனை மணிக்குப் பால் கறப்பது, கோழிகளை எப்போது அடைப்பது, எல்லாம் அதில் இருந்தது. ஆட்டுப்பட்டியின் நடுவில் இருந்த தடுப்புப் படலைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை.

அந்தப் படலைக் கயிற்றால் மூன்று சுற்று சுற்றி இறுக்கி முடிந்திருந்தது. இந்தப் பக்கம் ஆடுகளும் குட்டிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அந்தப் பக்கம் ஒற்றைக் கிடா, ராஜா மாதிரி தனியாக. இடம் வீணாகிறதே என்று கயிற்றை அவிழ்த்துவிட்டேன். சாயங்காலம் பட்டியை அடைக்கும்போதுதான் கிடா ஏன் தனியாக இருந்தது என்று மண்டையில் உறைத்தது. பிரித்து, படலை இழுத்து, முடிந்தவரை அதே மாதிரி முடிச்சுப் போட்டேன். அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. ஒரு மத்தியானம்தானே, என்ன ஆகிவிடப் போகிறது?

வெள்ளாட்டின் சினைக்காலம் சுமார் 150 நாள். ஐந்து மாதம் கழித்துப் போன் வந்தது. அன்றைக்கு ஐந்து மாதக் குட்டியாக இருந்த பெட்டை ஒன்று, உடம்பு தேறும் முன்பே சினையாகி, குட்டி போட முடியாமல் படுத்துவிட்டது. டாக்டர் வந்து தாயைக் காப்பாற்றினார். குட்டி வெளியே வரும்போதே உயிர் இல்லை. கிடா எப்படி உள்ளே வந்தது என்று தெரியாமல் அண்ணன் வேலி முழுக்கச் சுற்றிப் பார்த்திருக்கிறார். அப்போதுதான் சொன்னேன்.

"அவுத்தது பெருசு இல்லப்பா. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஒரு வாரம் கழிச்சு டாக்டரைக் கூப்பிட்டு, சினை கலைய ஊசி போட்டு முடிச்சிருப்பேன்" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இப்போதெல்லாம் யார் பண்ணைக்குப் போனாலும், திறந்திருக்கும் கதவு திறந்தே இருக்கும், மூடியிருப்பது மூடியே இருக்கும். காரணம் புரியாவிட்டால் போன் போடுவேன். ஏதாவது தவறிவிட்டால் அன்று இரவே சொல்லிவிடுவேன்.

* * *

என்னுடையது முட்டைக் கதை. "முட்டையெல்லாம் நீயே எடுத்துக்கோ" என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். எல்லாம் என்றால் எல்லாம் என்று நினைத்தேன். மூலையில் ஒரு கோழி உட்கார்ந்த இடத்தை விட்டு எழவே இல்லை, கையை நீட்டினால் கொத்தியது. அதைத் தள்ளிவிட்டு அதன் அடியில் இருந்த பத்தையும் எடுத்துவிட்டேன். எல்லா முட்டையிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது, அதையும் பார்த்தேன். அவை அடைக்கு வைத்த முட்டைகள். பொரிய 21 நாள் ஆகும், அன்றைக்குப் பதினெட்டாவது நாள். ஒன்றை உடைத்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. மீதி ஒன்பதையும் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன். நான்கு பொரிந்தன, அந்தக் கோழியின் பெருந்தன்மை.

* * *

நான் பாவம் பார்த்துக் கெட்டவன். ஒரு பசு என்னைப் பார்த்தாலே கத்தும். நோட்டில் எழுதிய அளவு அதற்குப் போதவில்லை போல என்று நானே முடிவு செய்து, இரண்டு நாள் தானியம் கலந்த அடர்தீவனத்தை இரட்டிப்பாக வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அது எழவில்லை. அசை போடவில்லை, சாணம் தண்ணீராகப் போனது. தானியம் திடீரென்று அதிகமானால் இரைப்பையில் அமிலம் ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அளவைக் கூட்ட வேண்டுமென்றால் நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டுமாம். மாடு பிழைத்தது. அது கத்தியது பசியால் இல்லை, தீவன வாளியை யார் தூக்கினாலும் அப்படித்தான் கத்துமாம். வீட்டுக்காரருக்கு அது தெரியும், எனக்கு எப்படித் தெரியும்?

* * *

மாடு ஆடு பற்றியே எல்லாரும் சொல்கிறீர்கள். வீட்டைப் பற்றி யாராவது பேசுங்கள்.

எனக்குச் சாவி கொடுத்தது சமையலறைக்கும் ஓர் அறைக்கும்தான். மற்ற அறைகள் பூட்டாமல்தான் இருந்தன, நான் நுழையவில்லை. அது பெரிய சாதனை இல்லை. ஆனால் இரண்டாம் நாள் நண்பர்கள் மூன்று பேரை "சும்மா வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டுவிட்டேன். அதில் ஒருவன் வீட்டிலேயே கோழி வளர்ப்பவன். அதே செருப்போடு கொட்டகைக்குள் போய் நின்றான். கோழிநோய் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் ஏறி வரும் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை. நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. வந்தவர்கள் மாட்டோடு போட்டோ எடுத்து, "ஒரு வாரத்துக்கு இந்தப் பண்ணை நம்ம ராஜ்ஜியம்" என்று எழுதி ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை என்று தண்டோரா போட்ட மாதிரிதான் அது. அவரே பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை, "அதை எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னார். மறுபடி அவர் என்னைக் கூப்பிடவே இல்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை.

* * *

நான் பண்ணைக்காரன். எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

முதல்முறை ஆளை விட்டுவிட்டுப் போனபோது ஒரு நாளைக்கு எட்டு தடவை போன் செய்தேன். தண்ணீர் வைத்தாயா, நாயைக் கட்டினாயா என்று. போதாததற்குத் தொழுவத்தில் கேமரா இருந்தது, அதை அந்தப் பையனிடம் சொல்ல மறந்துவிட்டேன். "இப்ப ஏன் வாளியை அங்க வெச்ச?" என்று நான் கேட்டபோது அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. கேமரா இருந்தால் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட வேண்டும். தங்கும் அறைப் பக்கம் அது இருக்கவே கூடாது. அப்புறம் "அப்படியே அந்தக் களையையும் எடுத்துடேன்" என்று போனில் புது வேலை சொல்வதையும் விட்டுவிட்டேன். பேசியது தீவனம், தண்ணீர், பால். களை என் தலைவலி.

இரண்டாம்முறை ஓர் அம்மா வந்து தங்கினார். சினை மாடு ஒன்று நின்றது. நான் நாள் குறித்து வைத்திருந்தேன், 283 நாள் கணக்கில் இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஆனால் மாடு என் கணக்கைப் பார்த்தா கன்று போடும்? நான் விமானத்தில் இருந்தபோது போட்டுவிட்டது. அவர் கன்றைத் துடைத்து, முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்திருக்கிறார். நஞ்சுக்கொடி விழவில்லை. பக்கத்தில் வேலை செய்பவர் ஒருவர் வந்து இழுத்துவிடலாம் என்றாராம். "இது என் மாடு இல்லை, இழுக்க விடமாட்டேன்" என்று அந்த அம்மா தடுத்துவிட்டார். இழுத்திருந்தால் கருப்பை கிழிந்து ரத்தம் போயிருக்கலாம். பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார்.

அவரால் கூப்பிட முடிந்ததற்குக் காரணம், இந்த முறை போவதற்கு முன் நான் ஒரு தாளில் எழுதி டாக்டரிடமும் கொடுத்திருந்தேன். இவர் கூப்பிட்டால் நான் கூப்பிட்ட மாதிரி, இவ்வளவு தொகை வரை என்னைக் கேட்க வேண்டாம். பிழைக்காது என்று டாக்டர் சொன்னால் கருணைக் கொலைக்கு என் சம்மதம் உண்டு என்ற வரியையும் சேர்த்திருந்தேன். அதை எழுதக் கை வரவில்லை, இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். ஆனால் அந்த முடிவை அடுத்தவர் தலையில் சுமத்திவிட்டு ஊருக்குப் போவது எந்த விதத்தில் நியாயம்?

* * *

சின்னதாக ஒன்று. நான் பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்கு ஒருவர் வந்து, "உங்க ஓனர் சொல்லிட்டார், மோட்டார் பம்பை எடுத்துட்டுப் போறேன்" என்றார். சிரித்த முகம், நாய்கூட வாலாட்டியது. "சரிங்க, ஒரு நிமிஷம், கேட்டுக்கிறேன்" என்று போனை எடுத்தேன். அவர் முகம் சுருங்கியது. கடைசியில் ஓனர் உண்மையிலேயே சொல்லித்தான் இருந்தார், என்னிடம் சொல்ல மறந்திருந்தார். வந்தவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. பரவாயில்லை.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடி. போன மாதம் அதே அண்ணன் திரும்பவும் கூப்பிட்டார், போனேன். நோட்டு இப்போது ஏழு பக்கம். படலில் ஒரு சிலேட்டுப் பலகை தொங்கியது. அதில் எழுதியிருந்தது: "உள்ளே கிடா. அவிழ்க்காதே. அவிழ்த்துவிட்டால் உடனே போன் செய்."