தட்டிப் பார்த்ததில் தெரிந்த பழுது: உங்கள் அனுபவம் என்ன?

சைட் இன்ஜினீயர், சென்னை

கடற்கரைப் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடி. பெட்ரூம் சீலிங்கில் மெல்லிசாக ஒரு விரிசல். "பட்டி வச்சு பெயின்ட் அடிச்சுட்டா போதும்ல சார்?" என்று வீட்டுக்கார அம்மா கேட்டார். ஏணி போட்டு ஏறி, சின்னச் சுத்தியலால் விரிசலிலிருந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல கான்கிரீட்டில் 'டங்'கென்று கேட்கும், சுத்தியலும் கையில் துள்ளும். இங்கே, பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத இடத்தில் 'பொத்' என்றது. சத்தம் மாறுகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் குறித்துக்கொண்டே வந்தால், கோடு ஃபேன் கொக்கியைத் தாண்டிப் போய்விட்டது. நேர் கீழே கட்டில்.

முட்டுக் கொடுத்துவிட்டு உடைத்தோம். பூச்சு மட்டும் வரவில்லை, கம்பிக்கு அடியில் இருந்த கான்கிரீட்டே தகடாகக் கழன்று வந்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்தால் அந்தத் துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில் கம்பி மட்டத்திலேயே பிளவு ஓடிவிடுகிறது. கீழிருந்து பார்க்கிறவருக்கு ரொம்ப நாள் எதுவும் தெரியாது. அதன் மேல் பட்டி வைப்பது ஆபத்தை மறைக்கிற வேலை. யார் கேட்டாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஆனால் சுத்தியல் மேலாகப் பிரிந்ததைத்தான் சொல்லும். தூணின் நடுவில் உள்ள பொந்துக்கு, கான்கிரீட்டுக்குள் ஒலியை அனுப்பி அதன் வேகத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி வேண்டும். 1992இல் வந்த ஐ.எஸ். 13311 என்ற இந்தியத் தரநிலையின் அட்டவணைப்படி, ஒலி நொடிக்கு 4.5 கி.மீ.க்கு மேல் ஓடினால் கான்கிரீட் மிக நன்று, 3 கி.மீ.க்குக் கீழே என்றால் சந்தேகம் என்று கணக்கு இருந்தது; 2018இல் அதற்குப் பதிலாக ஐ.எஸ். 516 வந்துவிட்டது.

ரயில்வே குடும்பம், அரக்கோணம்

எங்கப்பா வண்டிச் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டிச் சோதித்தவர். சக்கரம் நன்றாக இருந்தால் கோயில் மணி போல நாதம் இழுக்கும், விரிசல் இருந்தால் சட்டென்று செத்துவிடும் என்பார். பிரேக் பிடித்திருந்தால் நல்ல சக்கரமும் மந்தமாகத்தான் ஒலிக்கும், அதனால் முதலில் பிரேக் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாராம். சார், சீலிங்கிலும் இப்படி ஏமாற்றுகிற இடம் உண்டா?

பாலம் அதிர்வு அளப்பவள், திருச்சி

அண்ணா கேட்டது பாலத்துக்கும் பொருந்தும். பழுதால் விறைப்பு குறைந்தால் பாலத்தின் இயல்பு அதிர்வெண் (தானாக அதிரும்போது நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது) இறங்கும், அதைத்தான் சென்சார் வைத்துப் பிடிக்கிறோம். ஆனால் வெயில் ஏறினாலே அது கொஞ்சம் நகரும். ஒரே பாலத்தில் காலையில் எடுத்த அளவும் மதியம் எடுத்ததும் ஒத்துவராமல் நிற்கிறதை நானே பார்த்திருக்கிறேன். சுவிட்சர்லாந்தில் இடிக்கவிருந்த இசட்-24 பாலத்தை ஏறக்குறைய ஒரு வருடம் அளந்து, 1998இல் வேண்டுமென்றே படிப்படியாகச் சேதப்படுத்திச் சோதித்தார்கள். உறைபனிக் குளிரில் மேலிருந்த தார் இறுகி, அதிர்வெண் தெளிவாக ஏறியது. அந்த ஏற்ற இறக்கத்தில் சின்னப் பழுது மறைந்துபோகும். அதனால் அதிர்வு சென்சார் பக்கத்திலேயே வெப்பமானியும் கட்டாமல் நான் அளவெடுப்பதில்லை.

சைட் இன்ஜினீயர், சென்னை

சீலிங்கிலும் உண்டு சார். பூச்சு பூசிய சீலிங், ஓடு பதித்த தரை இரண்டிலும் தட்டினால் மேலே ஒட்டாத இடம் மட்டும் 'பொத்' என்னும், அடியில் கான்கிரீட் நன்றாகவே இருக்கும். ஓரிடத்தில் மேலுள்ள பூச்சையோ ஓடு ஒன்றையோ பெயர்த்துவிட்டு மறுபடி தட்டிப் பார்த்துவிடுவேன்.