வெனிஸ் கரையிலிருந்தே இறங்கி மெகலடான் பல் தேடுவது: எங்கே தப்பு செய்கிறேன்?

கரைநண்டு:
ஃப்ளோரிடாவின் வெனிஸில் படகே வேண்டாம், கரையிலிருந்து நீந்திப்போனாலே மெகலடான் என்ற அழிந்துபோன ராட்சதச் சுறாவின் பல் கிடைக்கும் என்றார்கள். போன மாதம் இறங்கினேன். ஐம்பது நிமிடம். மணல், மறுபடியும் மணல். கிடைத்தது நகத்தளவில் இரண்டு பல்லும் ஒரு துருப்பிடித்த தூண்டில் முள்ளும். இதுவரை இருபது டைவ் செய்திருக்கிறேன். பெரிய பல் எங்கே கிடக்கும்?

பழந்துடுப்பு:
மணலில் தேடினால் மணல்தான் கிடைக்கும். சரளைத் திட்டு வரும்வரை நிற்காதீர்கள். அலை மணலை அள்ளிப்போகும். கனமான பல்லும் எலும்பும் கல்லோடு தங்கிவிடும். கறுப்புக் கல்லும் எலும்புத் துண்டும் கண்ணில் பட்டதும் அங்கேயே படுத்துவிடுங்கள். ஒரு டேங்க் காற்று தீரும்வரை நான் ஒரு அறை அளவுக்கு மேல் நகர்வதில்லை. காலில் மாட்டும் ஃபின்னை (நீச்சல் துடுப்பை) ஆட்டாமல், உள்ளங்கையால் விசிறுங்கள்.

முழு முக்கோணம் தெரியும் என்று காத்திருக்காதீர்கள். வேரின் வளைவு மட்டும் எட்டிப்பார்க்கும், அதன்மேல் பார்னக்கிள் (கல்லில் ஒட்டி வளரும் சின்ன ஓட்டு உயிரி) அப்பியிருக்கும். என் முதல் பெரிய பல்லைச் சிப்பி என்று இரண்டு முறை ஒதுக்கினேன். மூன்றாவது முறை விரல் ஓரத்தில் உரசியபோதுதான் அரம் போன்ற வெட்டுகள் உறைத்தன. சுமார் 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோன விலங்கு, ஓரம் இன்னும் மழுங்கவில்லை!

கனமாக, வாழைப்பழம்போல் வளைந்து, உள்ளே துளையே இல்லாத எலும்பு நிறையக் கிடைக்கும். அது கடல்பசுவின் விலா. முதல் நாள் எல்லாரும் அதைத்தான் மூட்டைகட்டுவார்கள்.

அப்புறம் காற்று. இரண்டு மூன்று நாள் கிழக்கே இருந்து மெல்ல வீசினால் வளைகுடா குளம்போல் அடங்கும். மேற்கிலிருந்து வீசியிருந்தால் வீட்டிலேயே இருங்கள், நீட்டிய கைகூடத் தெரியாது.

உப்புக்காற்று:
கொடியை யாரும் சொல்லவில்லையே? கீழே ஆள் இருக்கிறார் என்று படகுகளுக்குக் காட்ட, மிதவையில் 12 அங்குல டைவிங் கொடி சட்டப்படி கட்டாயம், திறந்த கடலில் நீங்கள் அதிலிருந்து 300 அடிக்குள் இருக்க வேண்டும். சுறாப் பல்லுக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை. மற்ற முதுகெலும்பிகளின் புதைபடிவ எலும்பை எடுக்க ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் அனுமதி வேண்டும். மனித எலும்பா என்று சந்தேகம் வந்தால் தொடாதீர்கள். 2016-ல் அருகிலுள்ள மனசோட்டா கீ என்ற தீவின் பக்கம் பல் தேடிய ஒருவர் எடுத்துப்போனது மனிதத் தாடை. அந்த இடம் 7,000 ஆண்டுப் பழைய இடுகாடு.

கரைநண்டு:
நேற்று கிழக்குக் காற்று பார்த்துப் போனேன். சரளையில் படுத்தேன். உள்ளங்கை அளவுப் பல், வேரில் பாதி இல்லை. சந்தோஷத்தில் டேங்கில் மிச்சமுள்ள காற்றைக் காட்டும் மீட்டரைப் பார்க்க மறந்து, திரும்பும் வழியில் கடைசிப் பாதியை மேலே மல்லாந்து நீந்தி வந்தேன். பல்லை வீட்டில் காயவைத்திருக்கிறேன்.

பழந்துடுப்பு:
காயவைக்காதீர்கள்! உடனே நல்ல தண்ணீரில் போடுங்கள், தினம் மாற்றுங்கள். உள்ளே ஊறிய உப்பு காய்ந்து படிகமானால் வேர் உதிரும். மீட்டர் விஷயம் தனியாகத் திட்டுகிறேன்.