கல்யாணம் ஒன்று, வரிக்கணக்கு இரண்டு மாநிலத்துக்கு

திருமணத்துக்குப் பின் அமெரிக்காவில் மாநிலம் மாறிய மூவர் தங்கள் வரி அனுபவத்தைச் சொல்கிறார்கள்.

டாலஸிலிருந்து சான் ஹோசேக்கு

டாலஸில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. அப்படி ஒரு வரி இருப்பதே வெளியூர்த் தோழிகள் புலம்பும்போதுதான் நினைவுக்கு வரும். 2023 ஆவணியில் திருமணம். அக்டோபர் முதல் வாரம் இரண்டு பெட்டியும் இட்லிப் பானையுமாகக் கணவர் இருந்த கலிபோர்னியாவின் சான் ஹோசேக்கு வந்துவிட்டேன். வீட்டிலிருந்தே வேலை செய்ய மேலாளர் சம்மதித்தார். அவரிடம் சொன்னதே போதும் என்று இருந்துவிட்டேன். சம்பளப் பிரிவுக்கு எழுதவில்லை.

ஜனவரியில் ஆண்டுச் சம்பளத்தையும் வரிப் பிடித்தத்தையும் காட்டும் டபிள்யூ-2 படிவம் வந்தது. மாநிலம், மாநிலச் சம்பளம், மாநில வரிப் பிடித்தம் ஆகியவற்றுக்கான 15, 16, 17 எண் கட்டங்கள் மூன்றும் வெள்ளையாக இருந்தன. கலிபோர்னியாவில் உட்கார்ந்து மூன்று மாதம் வேலை பார்த்தும் ஒரு காசுகூடப் பிடிக்கவில்லை.

அப்போதும் பெரிதாகப் பயப்படவில்லை. மூன்று மாதச் சம்பளம் சுமார் 25,000 டாலர். கலிபோர்னியாவின் வரிப்படிகள் 1, 2 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. இருநூறு, முந்நூறு டாலரில் முடிந்துவிடும் என்று மனக்கணக்குப் போட்டேன். தப்புக்கணக்கு.

டிசம்பர் 31 அன்று மணமானவர் என்றால் அந்த ஆண்டு முழுவதுமே மணமானவர்தான். மத்திய அரசுக்கு இருவரும் சேர்ந்து தாக்கல் செய்தோம். அதனால் கலிபோர்னியாவுக்கும் சேர்ந்தே செய்ய வேண்டியிருந்தது. துணைவர் ஆண்டு முழுவதும் வெளிமாநிலத்தில் இருந்து, கலிபோர்னியா வருமானமும் இல்லாதிருந்தால் விலக்கு உண்டு. அக்டோபரிலேயே வந்துவிட்ட எனக்கு அது பொருந்தவில்லை. கணவர் வழக்கமாக நிரப்பும் 540 படிவத்தின் இடத்தில், ஆண்டு முழுவதும் மாநிலத்தில் வசிக்காதவர்களுக்கான 540 என்.ஆர். வந்தது. டாலஸ் சம்பளத்துக்கு அதில் வரி போடுவதில்லை. ஆனால் விகிதத்தை முடிவு செய்ய, டாலஸ் சம்பளம் உட்பட இருவரின் ஆண்டு வருமானத்தையும் கூட்டிக்கொள்கிறார்கள். அதற்கு வரும் சராசரி விகிதம்தான் கலிபோர்னியா வருமானத்தின் தலையில் விழுகிறது. எங்களுக்கு அது கிட்டத்தட்ட 6 சதவீதம். என் மூன்று மாதத்துக்கு மட்டும் ஏறத்தாழ 1,400 டாலர். சாப்பிடாத பந்திக்கு மொய் எழுதியது போல இருந்தது.

சம்பளப் பிரிவு பிறகு திருத்திய டபிள்யூ-2 அனுப்பியது. மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் "நீங்கள் எப்போது சொன்னீர்கள்?" என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிலடெல்பியாவிலிருந்து செர்ரி ஹில்லுக்கு

மேலே எழுதிய சகோதரிக்கு வரியைப் பிடிக்காமல் விட்டது தொல்லை. எங்களுக்குப் பிடித்ததே தொல்லை. என் மனைவிக்கு வேலை பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியாவில். கல்யாணத்துக்குப் பின் ஆற்றைத் தாண்டி நியூஜெர்சி மாநிலத்தின் செர்ரி ஹில்லுக்குக் குடிவந்தோம். ஒரு மாநிலத்தில் குடியிருந்து மற்றதில் சம்பளம் வாங்கினால், வரி குடியிருக்கும் மாநிலத்துக்கே என்று இரண்டுக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. பென்சில்வேனியா வரியைப் பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் ரெவ்-419 என்ற படிவத்தை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நாங்கள் கொடுக்கவில்லை. அவள் சம்பளத்தில் பென்சில்வேனியாவின் 3.07 சதவீதம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நகரத்தின் கூலி வரி வேறு. அது வெளியூர்க்காரரையும் விடாது. ஆனால் அப்போதைய விகிதம் 3.75-இலிருந்து 3.44-ஆகக் குறைந்திருக்க வேண்டும். அதுவும் குறையவில்லை.

பென்சில்வேனியாவிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கணக்கு, நகரத்திடம் தனியாக ஒரு விண்ணப்பம். அந்தப் பணம் வரும்வரை நியூஜெர்சி காத்திருக்குமா? ஏப்ரலிலேயே கைக்காசு போட்டுக் கட்டினோம். அங்கே நிற்கும் பாக்கியை இங்கே கழித்துக்கொள்ள வழியில்லை. நகர வரிக்கு மட்டும் நியூஜெர்சி கழிவு தருகிறது, அதுவரை ஆறுதல்.

அட்லாண்டாவிலிருந்து சிகாகோவுக்கு

எனக்குப் பணத்தில் சிக்கல் இல்லை. ஜார்ஜியாவில் பாதி ஆண்டு, இல்லினாயில் பாதி ஆண்டு. இரண்டு கணக்கும் ஒழுங்காக முடிந்தன. அனுப்பிய பத்தாவது நிமிடம் எல்லாம் திரும்பி வந்தன. மத்தியக் கணக்கு நிராகரிக்கப்பட்டதால் அதோடு போன இரண்டு மாநிலக் கணக்குகளும் விழுந்துவிட்டன.

காரணம் பெயர். நம் வீடுகளில் குடும்பப் பெயர் ஏது? கடவுச்சீட்டில் அப்பா பெயர்தான் கடைசிப் பெயராக இருந்தது. திருமணத்துக்குப் பின் கணவர் பெயருக்கு மாற்றிப் புதிய கடவுச்சீட்டு வாங்கினேன். சமூகப் பாதுகாப்பு அட்டையில் மாற்றவில்லை. வரிப் படிவத்தில் புதுப் பெயர், அவர்கள் பதிவேட்டில் பழைய பெயர். கடைசிப் பெயரின் முதல் நான்கு எழுத்து சமூகப் பாதுகாப்பு எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் கணினி ஏற்பதில்லை.

அட்டையை மாற்ற நேரமில்லை. கடைசி நாளான ஏப்ரல் 15-க்கு மூன்று நாள்தான் இருந்தது. பழைய பெயரிலேயே மறுபடி அனுப்பினேன். மூன்றும் அன்றே ஏற்கப்பட்டன. அப்பாவிடம் போனில் சொன்னபோது சிரித்தார்: "இத்தனை செலவு செய்து கட்டிக்கொடுத்தும் இன்னும் என் பெயரில்தான் வரி கட்டுகிறாயா?"