வணிக மூலோபாயமும் நிலைபேறும்: இரண்டையும் ஒரே தொழிலாகக் கொள்ள முடியுமா?

தலவாக்கலை மாணவி:
வணக்கம். நான் முகாமைத்துவப் பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். அப்பா தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ஒரு கம்பனியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் அமர்ந்து, மண்ணையும் நீரையும் லயத்து வீடுகளில் வாழும் தோட்டத் தொழிலாளர்களையும் அந்தத் தீர்மானத்துக்குள் கொண்டுவரும் அதிகாரியாக வேண்டும் என்பதே என் விருப்பம். சூழலையும் சமூகத்தையும் கவனிக்கும் நிலைபேற்றுப் பிரிவில் சேர்ந்தால் ஆண்டறிக்கை எழுதுவதோடு நின்றுவிடுவாய் என்று சிலர் சொல்கிறார்கள். விஞ்ஞானப் பட்டம் இல்லாத நான் எங்கிருந்து தொடங்குவது?

கொழும்பில் இருக்கும் ஹட்டன்காரன்:
தங்கச்சி, விஞ்ஞானப் பட்டம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 2009இல் யூனிலீவர் என்ற பன்னாட்டு நுகர்பொருள் கம்பனியின் பிரதம நிறைவேற்று அதிகாரியான போல் போல்மன், அதற்கு முன் நெஸ்லேயில் நிதிக்குப் பொறுப்பாக இருந்தவர். காலாண்டுதோறும் இலாப எதிர்பார்ப்பை அறிவிக்கும் வழக்கத்தை முதலில் நிறுத்தினார். 2010இல் விற்பனை வளர்ச்சியையும் சூழல் இலக்குகளையும் ஒரே திட்டமாக முன்வைத்தார். கணக்கு தெரிந்தவர் என்பதாலேயே முதலீட்டாளர்களிடம் அவரால் வாதாட முடிந்தது என்று நான் நினைக்கிறேன். கம்பனிகள் நிலைபேற்றுத் தகவல்களை வெளியிடுவதற்கென 2023 ஜூனில் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 என்ற சர்வதேச நியமங்களும் காலநிலை ஆபத்தை நிதித் தகவல்களோடு இணைத்தே காட்டச் சொல்கின்றன. அவற்றைப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற தோட்ட முகாமையாளர், பதுளை:
மகள், தம்பி சொன்னது சரி; ஆனால் அறிக்கையிலிருந்து தொடங்க வேண்டாம், மலையிலிருந்து தொடங்குங்கள். பழைய விதைத் தேயிலையைப் பிடுங்கி, மானாப் புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வைத்து ஒன்றரை, இரண்டு வருடம் மண்ணை ஆறவிட்டு, பிறகு கன்று நட்டால், அந்த மலையில் ஒழுங்காகக் கொழுந்து எடுக்க மேலும் சில வருடங்கள் செல்லும். அதுவரை செலவு மட்டும்தான். 1992இல் தோட்டங்களைப் பொறுப்பேற்ற கம்பனிகளின் நீண்டகாலக் குத்தகை 2045இல் முடிகிறது. முடிவு நெருங்க நெருங்க, யாருக்காக மீள்நடுகை செய்வது என்ற கேள்வி எழும். மண்ணைக் காப்பதும் கம்பனியைக் காப்பதும் அந்த இடத்தில்தான் ஒரே கேள்வியாகின்றன. அதற்கு எண்களோடு பதில் சொல்லக்கூடியவரையே நிர்வாகம் தேடும். திட்டமில்லாத நல்லெண்ணம் என்ன செய்யும் என்பதை 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் திடீரெனத் தடைசெய்தபோது பார்த்தோம். அவ்வாண்டு முடியுமுன்னரே அதைக் கைவிட நேர்ந்தது.

தலவாக்கலை மாணவி:
நன்றி அண்ணா, நன்றி ஐயா. இறுதி ஆண்டு ஆய்வை மீள்நடுகை பற்றிச் செய்யலாமா?

ஓய்வுபெற்ற தோட்ட முகாமையாளர், பதுளை:
அதற்குப் பல வருடப் பதிவுகள் வேண்டும்; ஓர் ஆண்டில் முடியாது. தொழிற்சாலையின் விறகுக் கணக்கை எடுங்கள். ஒரு கன மீற்றர் விறகில் எத்தனை கிலோ தேயிலை காய்கிறது, ஈரவிறகால் எவ்வளவு வீணாகிறது, தோட்டத்திலேயே விறகு மரம் வளர்த்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். தோட்டத்து முகாமையாளரான துரையிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அடுப்பு எரியும் விதத்தை அப்பாவிடம் கேளுங்கள்.