.308 ரைஃபிளுக்கு வீட்டிலேயே தோட்டா ரீலோட் செய்ய எதிலிருந்து தொடங்குவது?

பேயூ_சிட்டி_தமிழன்

வணக்கம் மக்களே. இருப்பது ஹூஸ்டன் பக்கம். கிரீன் கார்டு வந்த பிறகு ஒரு .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கினேன். மான் சீசன் போக மற்ற நாட்களில் ரேஞ்சில் 100 யார்டு, 300 யார்டு அட்டைதான். மேட்ச் தோட்டா 20 கொண்ட பெட்டி 35 முதல் 40 டாலர் வரை வாங்குகிறார்கள், ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு பெட்டி காலி. சுட்ட பித்தளைக் கூடுகளை எறியாமல் சேர்த்து வைத்திருக்கிறேன். அவற்றில் புது பிரைமர் (கூட்டின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடி), பவுடர் (வெடிமருந்து), குண்டு போட்டு ரீலோட் செய்யலாமா என்று ஆசை. ஆனால் கடைக்குப் போனால் சுவர் முழுக்க சாமான், எது அவசியம் எது ஆடம்பரம் என்றே புரியவில்லை. கூட்டை அமுக்கும் கைப்பிடிக் கருவியில் (பிரஸ்) ப்ரோக்ரெஸிவ் வகை வாங்கினால் வேகம் என்கிறார்கள், உண்மையா? இதற்கு லைசென்ஸ் ஏதாவது வேண்டுமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பவுடரை கராஜில் வைக்கலாமா என்றும் சொல்லுங்கள்.

கூடுபொறுக்கி

முதல் செலவு பிரஸ் இல்லை, புத்தகம். லைமன், ஹார்னடி போன்றவர்கள் போடும் ரீலோடிங் கையேடு ஒன்றை வாங்கி, அட்டவணைகளுக்கு முன்னால் இருக்கிற பக்கங்களை முழுதாகப் படியுங்கள். அதைப் படிக்காமல் யூடியூபில் யாரோ சொன்ன பவுடர் அளவை எடுத்துப் போடுகிறவரோடு பக்கத்து பெஞ்சில் உட்காரவே எனக்குப் பயம்.

ப்ரோக்ரெஸிவ் இப்போது வேண்டாம். அது கைப்பிடியை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் நாலைந்து வேலையை ஒரே நேரத்தில் செய்யும், எதில் கோளாறு என்று புதியவருக்குக் கண்ணில் படாது. ஆர்சிபிஎஸ், லீ, ஹார்னடி, ரெடிங் எதுவானாலும் சரி, ஓர் இழுப்புக்கு ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ் ஒன்று போதும். கூடவே .308க்கு டை செட் (கூட்டுக்கு அளவு கொடுக்கும் அச்சுகள்), கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், கூட்டுக்குப் பூசும் வழுக்குப் பசை (லூப்), பவுடர் எடை பார்க்கத் தராசு, நீளம் அளக்கக் கேலிப்பர், கூட்டின் நீளம் வெட்டும் டிரிம்மர், வெட்டிய வாயைப் பிசிறு தட்டும் கருவி, கூடுகளை நிறுத்தி வைக்க ஒரு லோடிங் பிளாக். பளபளவென்று கூடுகளைச் சுழற்றிச் சுத்தம் செய்யும் டம்ளர் இயந்திரம் எல்லாம் பிறகு பார்க்கலாம். கூடு சுத்தமாக இருந்தால் போதும், மின்ன வேண்டியதில்லை.

வேலை இதுதான்: சுடும்போது பித்தளைக் கூடு ரைஃபிளின் அறை அளவுக்கு விரிந்துவிடும். சைஸிங் டை அதைப் பழைய அளவுக்கு அமுக்கும், அதே இழுப்பில் பழைய பிரைமரையும் தள்ளிவிடும். இங்கேதான் புதியவர்கள் மாட்டுவார்கள். லூப் குறைந்தால் கூடு டைக்குள் இறுகி, இழுத்தால் அடி விளிம்பு பிய்த்துக்கொண்டு வரும். அதிகமானால் தோளில், அதாவது கூடு வாயை நோக்கிக் குறுகும் இடத்தில், பள்ளம் விழும். மெல்லிய பூச்சு போதும், தோளில் வேண்டாம். அமுக்கினால் கூடு நீளும், .308க்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், தாண்டினால் 2.005க்கு வெட்டிவிடுங்கள். நீண்ட கூட்டின் வாய் அறையின் முனையில் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடிக்கும், அழுத்தம் எகிறும். அப்புறம் புது பிரைமர், பவுடர், குண்டு.

பவுடரில் எப்போதும் கையேட்டின் தொடக்க அளவிலிருந்துதான் ஆரம்பம். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி ஒவ்வொரு படியிலும் சுட்ட கூட்டைப் பாருங்கள். பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தாலோ, போல்ட்டைத் தூக்கக் கனமாக இருந்தாலோ, கூட்டின் அடியில் எஜெக்டர் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் முள்) தடம் பளபளத்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுக் கீழே இறங்க வேண்டும். எனக்குத் தெரிந்தவரை குண்டுகள் நெருக்கமாக விழும் நல்ல குறி உச்ச அளவுக்குக் கீழேயே பெரும்பாலும் கிடைத்துவிடும், உச்சம்வரை ஓட்டுவது வெறும் வீம்பு.

லைசென்ஸ் விஷயம்: சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்ய ஃபெடரல் லைசென்ஸ் தேவையில்லை. நண்பருக்குக் காசுக்குப் போட்டுக் கொடுக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், விற்பதற்கென்று செய்தால் டைப் 06 லைசென்ஸ் வேண்டும். இதைப் படிக்கும் எச்-1பி ஆட்களுக்கும் ஒரு வார்த்தை, உங்கள் விசாவில் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டா வைத்திருப்பதற்கே ஃபெடரல் தடை உண்டு. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் இருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான். வக்கீலிடம் கேட்காமல் இறங்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை

மேலே அண்ணன் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் காசு மிச்சமாகும் என்று நினைத்து வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் பக்கத்துக் கடை விலையில் தோராயக் கணக்கு: பிரைமர் 8 முதல் 10 சென்ட். பவுடர் பவுண்டு 45 டாலர், ஒரு பவுண்டு என்றால் 7000 கிரெயின், .308க்கு 40 கிரெயின் சுமார் போகும், ஆக ஒரு தோட்டாவுக்கு 26 சென்ட். மேட்ச் குண்டு 50 சென்ட். கூடு ஏற்கெனவே கையில் இருக்கிறது. மொத்தம் 85 சென்ட் வாக்கில். நீங்கள் இப்போது கொடுப்பது 1.75 முதல் 2 டாலர். மிச்சம் ஒரு டாலர் என்றே வைத்தாலும் சாமானுக்குப் போட்ட 400, 500 டாலர் திரும்ப 500 தோட்டா சுட வேண்டும். சுடுவீர்கள். ஆனால் மிச்சம் பிடித்த காசில் இன்னும் அதிகம் சுடுவீர்களே தவிர, பேங்கில் ஒன்றும் ஏறாது.

.223 சாதாரணத் தோட்டாவை மொத்தமாக வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும், அங்கே உங்கள் மணி நேரத்துக்குக் கூலி பைசாவில்தான் வரும். பவுடர், பிரைமர் இரண்டையும் ஆன்லைனில் கொஞ்சமாக வாங்காதீர்கள், ஹஸ்மேட் (ஆபத்தான சரக்கு) கட்டணம் தனியாக ஏறும். உள்ளூர்க் கடையே மேல். 2020, 2021இல் பிரைமர் கிடைக்காமல் எல்லோரும் தவித்தது நினைவிருந்தால், கிடைக்கும்போது ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வைப்பது தப்பில்லை.

சிங்கப்பெண்_டாலஸ்

பிள்ளைகள் இருக்கிற வீடு என்றதால் எழுதுகிறேன். கராஜ் வேண்டாம் தம்பி, டெக்சாஸ் ஆகஸ்டில் கராஜ் அடுப்பு. பவுடர் சூட்டில் கெடும். வீட்டுக்குள் குளிர்ச்சியான, ஈரமில்லாத பூட்டிய அலமாரி, பவுடர் அதன் சொந்த டப்பாவிலேயே, பிரைமர் அதன் சொந்த அட்டைப் பெட்டியிலேயே. பிரைமர்களை ஒரு கண்ணாடி பாட்டிலில் கொட்டி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன், மகா முட்டாள்தனம், ஒன்று வெடித்தால் மொத்தமும் வெடிக்கும். என்எஃப்பிஏ (அமெரிக்கத் தீப்பாதுகாப்பு அமைப்பு) 495 விதிப்படி வீட்டில் 20 பவுண்டு பவுடர்வரை அதன் டப்பாவில், பிரைமர் 10,000 வரை வைக்கலாம். உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கவுண்டியில் கேளுங்கள்.

இன்னொன்று ஈயம். பிரைமரில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது, சுட்ட கூட்டின் கரியில் அந்த ஈயம் தங்கும். உலர் டம்ளரின் தூசி சமையலறைப் பக்கம் வரவே கூடாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள். பிரைமர் வைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கோவை_ஏர்ரைஃபிள்

இந்தியாவில் இதைச் செய்யலாமா அண்ணா?

கூடுபொறுக்கி

லைசென்ஸ் இல்லாமல் கூடவே கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிப்பதற்கே லைசென்ஸ் வேண்டும், வீட்டில் போட்டால் ஜெயில்தான். ஏர் ரைஃபிளில் பெல்லட் எடை பார்த்துப் பிரித்து விளையாடுங்கள், அதுவே பாதி ரீலோடிங்.

பேயூ_சிட்டி_தமிழன்

எல்லோருக்கும் நன்றி. கையேடு வாங்கியாயிற்று. அதில் பவுடர் ஐஎம்ஆர் 4895 என்று போட்டிருக்கிறது, கடையில் எச்4895தான் இருந்தது. 4895 ஒன்றுதானே, எடுத்துவிடவா?

கூடுபொறுக்கி

எடுக்கலாம், ஆனால் ஐஎம்ஆர் வரியைப் பார்த்து நிரப்பாதீர்கள்! எண் ஒன்று, பவுடர் வேறு, எரியும் வேகமும் வேறு. உங்கள் குண்டின் எடைக்கு எச்4895க்கென்று தனி வரி இருக்கும், அதன் தொடக்க அளவு எதுவோ அதுதான். மேஜையில் எப்போதும் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்கட்டும், முடித்ததும் மிச்சத்தை அதே டப்பாவில் ஊற்றி மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். அப்புறம் அந்தப் பழைய கூடுகளில் எத்தனை ராணுவக் கூடு என்று பாருங்கள், அடியில் எல்சி (லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலை) என்று முத்திரை இருந்தால் பிரைமர் குழியின் கிரிம்பை (பிரைமரை இறுக்கிப் பிடிக்கும் மடிப்பை) எடுக்காமல் புது பிரைமர் உள்ளே இறங்காது.