நாலு பேண்ட், ஒரு டிரம் செட், பத்து மணிக்கு கட்

சென்னையில் நூற்றைம்பது பேர் நிற்கிற ஹாலில் நாலு பேண்ட் வாசிக்கும் நைட் என்றால் முதலில் போட வேண்டியது நேரக் கணக்கு. பேண்டுக்கு 35 நிமிஷம், நடுவில் மூன்று சேஞ்ச்ஓவர் (ஒரு பேண்ட் இறங்கி அடுத்தது ஏறும் இடைவெளி), ஒவ்வொன்றும் 15 நிமிஷம்: மொத்தம் 185 நிமிஷம். 6.30க்கு ஆரம்பித்தால் 9.35 ஆகிவிடும். கையிருப்பு 25 நிமிஷம்தான். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்கு விலக்கு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் சாதாரண ஜன்னல் வைத்த ஹாலில் கிக் டிரம்மும் பேஸ் கிட்டாரும் சுவரைத் தாண்டிப் போகும். பக்கத்து வீட்டுக்காரர் போன் போட்டு வாசலில் ரோந்து வண்டி வந்து நின்றபின் விதியைப் படித்துக் காட்டி என்ன பிரயோஜனம்?

சவுண்ட் செக் தலைகீழ் வரிசையில் நடக்கட்டும். கடைசியில் வாசிக்கிறவர்கள் 3 மணிக்கு முதலில், 45 நிமிஷம். மற்ற மூவருக்கும் அரைமணி. 5.15க்கு முடியும்போது முதல் பேண்டின் சாமான் மேடையில் அப்படியே தயாராக இருக்கும். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் பேண்டுக்கு ஒரு சீன் (அவர்களுடைய மொத்த செட்டிங்) சேவ் செய்யலாம். அனலாக் என்றால் நாப் நிலை தெரிகிற மாதிரி நேர் மேலேயிருந்து போனில் ஒரு போட்டோ.

டிரம்ஸில் கிக், ஸ்னேர், இரண்டு டாம்; அப்புறம் பேஸ், இரண்டு கிட்டார், மூன்று வோக்கல். மிக்ஸரில் பத்து சேனல் போதும். சிம்பலுக்கு மேலே மைக் கட்டச் சொல்லி அடம்பிடிக்கிறவர்கள் உண்டு. இந்த அளவு ஹாலில் சிம்பல் மைக் இல்லாமலே காதைக் கிழிக்கும்.

*

சேஞ்ச்ஓவர் 15 நிமிஷத்தில் முடிய வேண்டுமானால் எல்லாருக்கும் ஒரே டிரம் செட். கிக், டாம், ஸ்டாண்ட் எல்லாம் பொது. ஸ்னேர், சிம்பல், கிக் பெடல், ஸ்டிக் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். இதை முதல் நாளே போனில் பேசிவிடுங்கள். டபுள் பெடல் வரும் என்று நம்பி வெறுங்கையோடு வருகிற டிரம்மர் எப்படியும் ஒருவர் இருப்பார்.

டைல்ஸ் தரையில் கிக் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். கம்பளம் விரித்தாலும் கம்பளத்தோடு சேர்ந்து நகரும். காரணம் எளிது: டிரம்மர் உட்காரும் ஸ்டூல் கம்பளத்துக்கு வெளியே இருக்கிறது. ஆறரை அடிக்கு ஆறரை அடி கம்பளம் எடுத்து ஸ்டூலையும் அதன்மேல் வையுங்கள். ஆளின் எடையே அதைப் பிடித்துக்கொள்ளும்.

சிம்பல் ஸ்டாண்டில் ஃபெல்ட்டும் பிளாஸ்டிக் ஸ்லீவும் இருக்கிறதா பாருங்கள். ஸ்லீவ் இல்லாமல் இரும்பு த்ரெட்டில் சிம்பல் உரசினால் நடு ஓட்டை சாவித்துவாரம் மாதிரி நீண்டு, அங்கிருந்து விரிசல் ஓடும். அடுத்தவர் சிம்பலாக இருந்தால் சண்டை நிச்சயம்.

*

கிட்டார்காரர்களுக்கு. 50 வாட் டியூப் ஆம்ப் இந்த ஹாலுக்கு அதிகம். அதைத் தரையில் வைத்தால் சத்தம் முழங்காலுக்குப் போகிறது. காது அங்கே இல்லை. 'கேட்கல' என்று இன்னும் ஏற்றுவார், முதல் வரிசையில் நிற்பவருக்கு மண்டை பிளக்கும். ஒரு நாற்காலி மேல் ஏற்றியோ, பின்னால் சாய்த்தோ வைத்தால் வால்யூமைப் பாதிக்குக் குறைக்க அவரே ஒப்புக்கொள்வார். மைக்கை ஸ்பீக்கர் நடுக்குமிழின் ஓரத்தில், துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி வையுங்கள்.

மெட்டல் டோனுக்கு ஆம்பில் மிட் (நடுத்தர ஒலி) முழுக்க இறக்குவது வீட்டில் தனியாக வாசிக்க நன்றாயிருக்கும். மேடையில் லோ (அடி ஒலி) என்பது பேஸுக்கும் கிக்குக்கும் சொந்தம், ஹை (மேல் ஒலி) சிம்பலுக்குச் சொந்தம். மிட்டையும் எடுத்துவிட்டால் உங்களுக்கு என்ன மிச்சம்?

ஃப்ளாய்ட் ரோஸ் (ஸ்பிரிங்கில் மிதக்கும் பிரிட்ஜ்) கிட்டாரில் ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்குக்கும் கம்பிக்கும் உள்ள சமநிலை போய் மற்ற ஐந்தும் ஸ்ருதி விலகும். ஸ்பேர் கிட்டார் ஃபிக்ஸட் பிரிட்ஜாக (அசையாததாக) இருக்கட்டும், மேடை ஓரத்தில் ட்யூன் செய்து.

*

இதுவரை கரண்ட் பற்றிப் பேசவில்லை. உயிர் போகிற விஷயம் அதுதான்.

சாமான் இறக்கியதும் முதல் வேலை, மல்டிமீட்டர். ஃபேஸ்–நியூட்ரல் 230 வோல்ட், ஃபேஸ்–எர்த்தும் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்–எர்த் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள். ஃபேஸ்–எர்த் நூறு நூற்றிருபது என்று காட்டினால் அந்த சாக்கெட்டின் எர்த் எங்கேயும் சேரவில்லை என்று அர்த்தம். அதில் எதையும் செருகாதீர்கள். பாடுபவரின் கை கிட்டார் கம்பியில், உதடு மைக்கில். கம்பி ஆம்பின் எர்த், மைக் மிக்ஸரின் எர்த். இரண்டுக்கும் நடுவே வோல்ட்டேஜ் இருந்தால் அது அவர் உடம்பு வழியாகத்தான் போகும்.

ஹம் (ஓயாத 'ம்ம்' இரைச்சல்) வருகிறது என்று ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை உடைக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. சத்தம் நிற்கும், அடுத்த ஃபால்ட்டில் ஆளின் மூச்சும் நிற்கும். மேடைக்கும் மிக்ஸருக்கும் ஒரே போர்டிலிருந்து லைன் இழுங்கள். அப்புறமும் ஹம் இருந்தால் டிஐ பாக்ஸில் (கருவியின் சிக்னலை மிக்ஸருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள், சிக்னல் கேபிளின் எர்த் மட்டும் விலகும். லைட்டுக்குத் தனி சர்க்யூட். டிம்மரின் கரகரப்பு கிட்டார் பிக்கப்பில் நேராக ஏறும்.

மின்வெட்டில் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடியில் டிஜிட்டல் மிக்ஸர் அணைந்து, மறுபடி எழும் வரை மொத்த ஹாலும் காத்திருக்கும். மிக்ஸருக்கு மட்டும் கம்ப்யூட்டர் யூபிஎஸ் ஒன்று போதும்.

*

மைக் கூவுவதற்குப் பாதி நேரம் பாடுபவர் கைதான் காரணம். கிரில்லைப் பொத்திப் பிடித்தால் பின்பக்கத் துவாரங்கள் அடைபட்டு, முன்னால் மட்டும் கேட்கிற மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும். மானிட்டர் (பாடுபவரைப் பார்த்து வைக்கும் ஸ்பீக்கர்) சத்தம் உள்ளே புகும். எஸ்எம்58 மைக் என்றால் மானிட்டர் மைக்குக்கு நேர் பின்னால். பீட்டா 58 சூப்பர்கார்டியாய்டு, அதாவது நேர் பின்னாலும் கொஞ்சம் கேட்கும் மைக்; அதற்கு நேர் பின்னால் வைத்தால் தப்பு. பின்பக்கம் சற்றுப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும்.

*

கேட்க வருகிறவர்களுக்கு ஒரே விஷயம். 100 டெசிபலில் 15 நிமிஷம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். பஞ்சு வைத்தால் போதாது. மருந்துக் கடையில் ஃபோம் இயர்பிளக் கிடைக்கும். மெல்லிசாக உருட்டி, மறு கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே விட்டு அரை நிமிஷம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போடாததற்குச் சமம்.

*

விட்டுப்போனது ஒன்று: லைட்டை அணைக்கும்முன் மேடைத் தரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஹைஹேட் கிளட்ச் (ஜோடி சிம்பலில் மேல் தட்டைப் பிடிக்கும் சின்னச் சாமான்), விங் நட், கிட்டார் பெடல் அடாப்டர், ஆம்ப் பவர் கேபிள். மறக்கிறது எல்லாம் இந்த நாலுதான். கிளட்ச் இல்லையென்றால் நாளை வாசிக்கிறவருக்கு ஹைஹேட் இல்லை.