நூலகத்தில் என் கதையை வாசித்த அன்று

நம் எழுத்தாளர் குழுவில் ஆளுக்கொரு நூலக அனுபவம் சொல்லி வருகிறீர்கள். என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு திருமங்கலத்தில். சொந்தக் காசில் 300 பிரதி சிறுகதைத் தொகுப்பு போட்டேன். ஐம்பது போனது, மீதி கட்டுப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரதிகளோடு கிளை நூலகத்துக்குப் போனேன். பள்ளிக்கூட நாளிலிருந்து போய்வரும் இடம்தான். ஆனாலும் ‘நான் எழுதிய புத்தகம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. நூலகர் அம்மா பின்னட்டைப் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நன்கொடை என்று பதிவேட்டில் ஏற்றி, முதல் பக்கத்தில் முத்திரை குத்தி, கடைசிப் பக்கத்தில், இரவல் கொடுக்கும்போது முத்திரை குத்தும் தேதிச் சீட்டை ஒட்டினார். பசை காயும்வரை அங்கேயே நின்றேன்.

“அடுத்த மாசம் வாசகர் வட்டம் கூடுது. வந்து ஒரு கதை வாசிங்க சார்” என்றார்.

கூட்டத்துக்குப் பதினைந்து பேர் இருக்கும். பாதிப்பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகள். அதில் ஒரு பெண் தன் அப்பத்தாவையும் அழைத்து வந்திருந்தாள். மல்லிகைப் பூ பறிக்கும் பெண்ணைப் பற்றிய கதையை வாசித்தேன். மார்கழி விடியலில் கூடை கூடையாகப் பறித்து விற்று, அண்ணன் பட்ட கடனை அவள் அடைத்துவிடுவாள். கைதட்டினார்கள். அப்பத்தா மட்டும் தட்டவில்லை.

“மார்கழியில ஏதுப்பா கூடை கூடையா மல்லி? பனி விழுந்தா செடி அரும்பே வைக்காது. கால் கிலோ தேறினாலே பெருசு. வெல ஏறுறப்ப எங்க கையில பூவு இருக்காது. பூவு கொட்டுறப்ப வெல இருக்காது. அதை எழுதுப்பா.”

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது வரைக்கும் என் கதையில் இருந்தது. இது இல்லை. எனக்கு முகம் சுருங்கிப்போனது உண்மைதான். ஆனால் என் எழுத்துக்கு அதுவரை யாரும் செய்யாத உதவி அது.

பங்குனியில் அவர்கள் தோட்டத்துக்கே போனேன். விடியவில்லை, தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பறிக்கிறார்கள். சேலையை மடியாகக் கட்டி, இறுகிய வெள்ளை அரும்பை மட்டும் கிள்ளிப் போடுகிறார்கள். அன்று மாலை விரியப்போகிற அரும்பு அது. விட்டால் செடியிலேயே விரிந்துவிடும், அப்புறம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை போகாது. நான் ஒரு மணி நேரம் பறித்தது அப்பத்தாவின் மடியில் ஒரு ஓரத்துக்குக்கூடக் காணாது.

கதையைத் திருப்பி எழுதிவிட்டேன். இப்போது அவள் கடனை அடைப்பதில்லை.

*

அண்ணே, படித்ததும் கண் கலங்கிவிட்டது. நான் குழந்தைகளுக்கு எழுதுகிறேன். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு என் மகளோடு அடிக்கடி போவேன். சிறுவர் பகுதியில் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி என் கையெழுத்துப் பிரதியை வாசித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு பையன் மெல்ல நகர்ந்து வந்து உட்கார்ந்தான். முடித்ததும், “அந்த ஆட்டுக்குட்டிக்கு ஏன் பேர் வைக்கல ஆன்ட்டி?” என்றான். மூன்று முறை திருத்தி எழுதிய கதை, எனக்கு அது தோன்றவே இல்லை. பெயரையும் அவனே வைத்தான்.

*

தம்பி, தங்கச்சி, இரண்டு பேருக்கும் வாழ்த்துகள். நான் சிம்மக்கல் மாவட்ட மைய நூலகத்து ஆள், நாற்பது வருடப் பழக்கம். சொற்பொழிவுக்குக் குறிப்பெடுக்கப் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நூல் தேடியும் கிடைக்கவில்லை என்றும், அந்த வேதனையில்தான் 1901-இல் தமிழ்ச் சங்கம் வைத்தார் என்றும் எங்கள் வாத்தியார் சொல்வார். சங்கத்தோடு பாண்டியன் புத்தகசாலை என்ற நூலகமும் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் நம் புத்தகம் கட்டிலுக்கு அடியில் கிடக்கலாமா? கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சமே வேண்டாம். வீட்டு வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம். அது நம் வீடு மாதிரி.

தம்பி, அந்தத் தேதிச் சீட்டில் இதுவரை எத்தனை முத்திரை விழுந்திருக்கிறது?

*

ஐயா, போன வாரம் பார்த்தேன். பதினொன்று. முதல் முத்திரை அப்பத்தாவின் பேத்தி எடுத்தது. அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதாம். ராத்திரி பூக் கட்டும்போது இவள் வாசிக்க வாசிக்கக் கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு கதையில் தப்பு இருக்கிறதாம், வரச் சொல்லியிருக்கிறார்.